இரண்டு மார்க் கேள்வியும் அப்பாவின் லாரியும்



பேரவை நண்பர்கள் மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்தபோது, கவிதை எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு கை தூக்கிவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நிலவும் வராது, நதியும் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் வாசம். அப்பா வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் அந்த வாசம் வாசலுக்கு வந்துவிடும். ஆகவே டீசலைப் பற்றியே எழுதுகிறேன். பொறுத்தருள்க!

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். 'உங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு லாரியாமே?' என்று ஹாஸ்டலில் கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு டிரைவர் என்பதுதான் சரி. லாரி வேறு யாருடையதோ. அப்பா ஐந்தாவதோடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதுதான் இந்தக் கதை.

2024 டிசம்பர் கடைசி வாரம். நான் இரண்டாம் ஆண்டு. சேலத்து ஜவ்வரிசியை டெல்லியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறு லோடு ஏற்றி ஸ்ரீநகர் போயிருந்தார் அப்பா. திரும்பும்போது கிடங்கிலிருந்து ஆப்பிள், கோயம்பேட்டுக்கு. பனி கொட்டியதால் ஜம்மு சாலையை மூடிவிட்டார்கள். காசிகுண்டில் வரிசையாக லாரிகள் நின்றுவிட்டன. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு காஷ்மீரத்தார் 'சில்லாய் கலான்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி மைனஸ் 8.5 டிகிரி வரை இறங்கியது.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. பக்கத்து வண்டி சர்தார்ஜி ஒருவரின் போனில் அப்பா பேசினார்.

"கண்ணு, வண்டி எடுக்க மாட்டேங்குதுடா. செல்ஃப் அடிச்சா நல்லாத்தான் சுத்துது. ஆனா புடிக்க மாட்டேங்குது. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, என்னவா இருக்கும்?"

இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"பேட்டரி வீக்கா இருக்கும்ங்கப்பா. இன்னும் நாலஞ்சு தடவை நல்லா அடிச்சுப் பாருங்க."

படித்த பையன் சொல்கிறானே என்று அடித்துப் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே குளிரில் சோர்ந்திருந்த பேட்டரி, அத்தோடு முழுசாக உட்கார்ந்துவிட்டது. நல்லாத்தான் சுத்துது என்று அவர் சொன்ன பிறகு பேட்டரியை யாராவது குறை சொல்வார்களா? நான் சொன்னேன்!

காலையில் கல்லூரிக்கு ஓடினேன். ஒர்க்‌ஷாப் சார் இரண்டே கேள்வி கேட்டார். "அங்க எத்தனை டிகிரி?" என்றார். சொன்னேன். "கிளவுட் பாயின்ட்னா என்ன?" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பருவத் தேர்வில் அதே கேள்வி. இரண்டு மார்க். 'எந்த வெப்பநிலையில் எரிபொருளில் உள்ள மெழுகு படிகமாகி, எண்ணெய் மங்கலாகத் தெரியத் தொடங்குகிறதோ...' என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்த மெழுகு அப்பாவின் டேங்கில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விஷயம் இதுதான். டீசலில் இயற்கையாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முதலில் மங்கும். இன்னும் குளிர்ந்தால் மெழுகுத் துகள்கள் சேர்ந்து பில்டரை அடைக்கும். அதற்கும் கீழே போனால் டீசலே கூழாகி அசையாது. லாரிக்காரனுக்கு எமன் நடுவில் உள்ளதுதான். டேங்கில் டீசல் இன்னும் ஓடும் பதத்தில் இருக்கும், ஆனால் பில்டரைத் தாண்டாது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 45 மைக்ரான் கம்பி வலை வழியாக 20 மில்லி எண்ணெயை இழுக்க வேண்டும். 60 விநாடிக்குள் வராத வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். நம் நாட்டு டீசல் தரவிதியில் அந்த அளவு கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி வரை இருக்கலாம். பூஜ்யத்துக்கு மேலே 6! மைனஸ் 8-இல் அது என்ன பாடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன நடந்ததென்றால், முன்னால் நின்ற வண்டிக்காரர் டேங்குக்கு அடியில் சாக்கைக் கொளுத்தி வைத்தாராம். பழைய வண்டிகளில் அப்படிச் செய்து பழக்கம். இந்தக் காலத்து வண்டியில் டீசல் போவது நைலான் குழாயில். குழாய் இளகி டீசல் ஒழுக, ஆளாளுக்குப் பனியை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். இன்னொருவர் பெட்ரோல் கலக்கச் சொன்னாராம். நல்லவேளை, அப்பா கேட்கவில்லை. பெட்ரோல் ஆவி அந்தக் குளிரிலும் தீப்பிடிக்கும்.

காப்பாற்றியவர் அந்த சர்தார்ஜிதான். தாபாவிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, பில்டரைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். வெயில் ஏறிய பிறகு பில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்து, அவர் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கொடுத்த பிறகே வண்டி எடுத்தது. அதுவரை ஏழு மணி நேரம் அப்பா அந்தக் குளிரில் கேபினில் உட்கார்ந்திருந்தார். செத்த பேட்டரிக்கு ஆன செலவை ஓனர் படியில் பிடித்துக்கொண்டார். அது நான் வைத்த செலவு. அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு ஒரு வருஷம், சார்களை நச்சரித்தும் நூலகத்தில் தேடியும் சேர்த்தது கொஞ்சம் உண்டு. முக்கியமானது: உறைவதைத் தடுக்கும் மருந்து கடையில் கிடைக்கிறது, ஆனால் அது வந்த மெழுகைக் கரைக்காது. படிகம் பெரிதாக வளராமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, சமவெளியிலேயே, முதலில் மருந்தை ஊற்றிவிட்டு அதன் மேல் டீசலை நிரப்ப வேண்டும். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். மலை ஏறிய பிறகு ஊற்றினால் காசு வீண். டேங்கை நிரப்பியே வைத்தால் உள்ளே காற்று ஈரம் படியாது. பில்டருக்குக் கீழே சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விட்டுவிட வேண்டும், ஏனென்றால் குளிரில் அந்தத் தண்ணீரும் உறையும். சீமெண்ணெய் கலப்பது அந்தப் பக்கத்துப் பழைய வைத்தியம். உறைநிலை இறங்குவது உண்மைதான். ஆனால் சட்டப்படி குற்றம், தவிர சீமெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, பி.எஸ்.6 வண்டியின் பம்பும் நாசிலும் தேய்ந்துபோகும். லடாக், கார்கில் பக்கத்துக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. அப்படி ஒன்று இருக்கிறது என்றே எங்கள் ஊர் டிரைவர்கள் பலருக்குத் தெரியாது.

2025 டிசம்பரில் அப்பாவுக்கு மறுபடியும் காஷ்மீர் டிரிப் விழுந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார்.

"காத்து அடிக்கிற பக்கம் டேங்க் இருக்கற மாதிரி நிறுத்தக் கூடாதுன்னு எழுதலியே?" என்றார்.

எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துச் சேர்த்தேன்.

"யூரியாத் தண்ணி உறைஞ்சா?"

"அது மைனஸ் 11-ல உறையும்ங்கப்பா. உறைஞ்சாலும் கெடாது. வண்டி ஓடுனா உருகிடும்." இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

ராத்திரி இஞ்சினை ஓடவிட்டால், சூடான டீசல் கொஞ்சம் டேங்குக்கே திரும்பி வந்து அதையும் உறையவிடாது என்று எழுதியிருந்தேன். "டீசல் செலவை யாருடா குடுக்கறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல், கேபினில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.

பத்தாம் நாள் விடிகாலை போன். இந்த வருஷம் போஸ்ட்பெய்டு வாங்கியிருந்தார். பதறி எடுத்தேன். பேச்சே இல்லை, ஒரே இரைச்சல்.

"அப்பா? என்னங்கப்பா ஆச்சு?"

"போனைப் பானெட்டுகிட்ட வெச்சிருக்கறன்டா. ஒரே செல்ஃப்ல எடுத்துருச்சு. கேக்குதா?"

"கேக்குதுங்கப்பா."

"செரி வெச்சுரு. காலேஜ் பஸ்சு போயிறப் போவுது."