மிதித்தால்தான் துணை வரும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராத காலத்தில் சைக்கிள்தான் எங்களுக்குக் கால். அம்மா முன்னுக்கு என்னையும் பின்னுக்கு அரிசிப் பையையும் ஏற்றிக்கொண்டு மிதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த அம்மா ஐம்பத்தைந்து வயதில், முழங்கால் நோகிறதென்று சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அயல் பெண்களோடு சேர்ந்து கோயிலுக்குப் போவதும் அதோடு நின்றுபோனது.

2019இல் மூன்று மாதப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஞாயிறுதோறும் தன் சைக்கிள் கழகத்தோடு நீண்ட தூரம் போய்வருவார். அந்நாட்டில் இத்தகைய கழகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று 'சைக்கிளிங் யூகே' எனப்படும் சங்கம் 1878இல் தொடங்கப்பட்டது. ஒன்றாகப் புறப்பட்டு, இடைவழியில் தேநீர் குடித்துக் கதைத்து, ஒன்றாகத் திரும்புவார்கள்.

அவரும் ஒரு வருடம் போகாமல் இருந்தவர்தான். ஏற்றங்களில் பின்தங்கும்போது மற்றவர்கள் மேலே காத்து நிற்பார்களாம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் 'என்னால் எல்லோருக்கும் தாமதம்' என்ற எண்ணமே அவரை வீட்டில் இருத்திவிட்டது. பிள்ளைகள் மின்சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோதும், அது ஏமாற்று வேலை என்று முதலில் மறுத்தாராம்.

உண்மையில் அதிலுள்ள சிறிய மோட்டர், நாம் மிதிக்கும்போது மட்டுமே உதவும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அங்குள்ள சட்டப்படி மோட்டரின் வலு 250 வாற்றுக்கு மேற்படக்கூடாது. மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகம் வந்ததும் உதவி நின்றுவிட வேண்டும். ஆகவே சமதரையில் உதவியைக் குறைத்து, ஏற்றத்தில் கூட்டி, அவர் கூட்டத்தோடு சேர்ந்தே போனார். வியர்வை சிந்தித்தான் திரும்பி வந்தார். மின்சைக்கிள் பாரம் கூடியது என்பதால், ஏறி இறங்குவதை முதலில் வெறும் வளவொன்றில் பழகிக்கொண்டாராம்.

ஊர் திரும்பி இதை அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முழங்கால் மட்டுமில்லைப் பிள்ளை, அவையள் சந்தியில எனக்காகக் காவல் நிக்கிறது வெக்கமாய் இருந்தது" என்றார்.

சகோதரிகளே, மின்சைக்கிளின் விலை எங்களில் பலருக்கு எட்டாதது. ஆனால் அது சொல்லும் பாடத்திற்கு விலையில்லை. செயற்கைக் காலோ, ஊன்றுகோலோ, அயலவரின் கையோ, எந்த உதவியும் முயற்சி செய்பவருக்குத் துணையே தவிர, இயலாமையின் முத்திரை அல்ல. உதவியை மறுத்து வீட்டுக்குள் ஒதுங்கும்போது, நாம் இழப்பது பயணத்தை மட்டுமல்ல, கூடப் போகும் மனிதரையும்தான்.

அயல் அக்காமாரிடம் பேசினேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கால்மணி நேரம் முந்திப் புறப்படுகிறார்கள். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, அம்மா மெதுவாக மிதிக்கிறார். எல்லோருக்கும் முன்னால் போவது அம்மாவின் சைக்கிள்தான்.