பத்தொன்பது வயசு டிரம்மர் இல்லாத ஆல்பம்

உங்க ப்ளே லிஸ்ட்ல 1969-க்கு ஒரு இடம் இருக்கா? இல்லேன்னா இன்னிக்கே ஒதுக்குங்க பாஸ். ஆல்பம் பேரு ‘லீஜ் அண்ட் லீஃப்’. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்கிற இங்கிலாந்து பேண்ட் போட்டது. மொத்தம் எட்டே ட்ராக்!

ஆரம்பத்தில் இவங்க லண்டன் சைகடெலிக் கிளப்களில் அமெரிக்க ஸ்டைல் ராக் வாசிச்ச பசங்க. 1969 மே மாசம் பர்மிங்ஹாமில் வாசிச்சு முடிச்சு, ராத்திரி வேனில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் விபத்து. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். வயசு 19. கிடாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துட்டாங்க. தாம்ப்சனுக்கு அப்போ 20. என் வயசு. அநேகமா உங்க வயசும்.

பேண்டையே கலைச்சிடலாமானு யோசிச்சாங்க. கலைக்கலை. ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் போய்த் தங்கினாங்க. பேஸ் கிடார் ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடி எடுத்தார். வயலினுக்கு டேவ் ஸ்வார்பிரிக், டிரம்ஸுக்கு டேவ் மேட்டக்ஸ் வந்தாங்க. பாட்டிகளுக்குப் பாட்டி காலத்துப் பாட்டு, எலெக்ட்ரிக் கிடாரில்! டிசம்பரில் ஆல்பம் ரெடி.

‘டாம் லின்’ கேளுங்க. தேவதை ராணிகிட்ட சிக்கின காதலனை ஒருத்தி மீட்கிற கதை. அவள் கைக்குள்ளேயே அவன் வேற வேற உருவமா மாறுவான். பிடியை மட்டும் விடக் கூடாது. கிடாரும் டிரம்ஸும் வெட்டி வெட்டி விழ, சாண்டி டென்னியின் குரல் பதறாமல் நடந்து போகும்.

கடைசிப் பாட்டு ‘கிரேஸி மேன் மைக்கேல்’. வரிகள் தாம்ப்சன். மைக்கேல் ஒரு அண்டங்காக்கையைக் கொல்கிறான். பார்த்தால், செத்துக் கிடப்பது அவன் காதலி. வேன், ரோடு, விபத்துனு ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது.

போன செமஸ்டரில் எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் பைக் விபத்தில் போயிட்டான். அவன் இடத்தில் யாரும் உட்காரலை. அவனைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. கேன்டீனில் கிரிக்கெட் பேசினோம், இன்டெர்னல் மார்க் பேசினோம். அந்த வாரங்களில்தான் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நேரடியா சொல்ல வராத துக்கத்தை ஒரு பழங்கதை மேல ஏற்றிச் சொல்லலாம்னு 20 வயசுல ஒருத்தருக்குத் தோணியிருக்கு. அது எனக்குப் பெரிய தைரியமா இருந்துச்சு.

அசைன்மென்ட் எழுதிக்கிட்டே கேட்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். லைட்டை அணைச்சுட்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் கேளுங்க. பக்கத்து ரூம்ல பேசாமல் இருக்கிற யாருக்காவது ஒரு இயர்போனைக் கொடுங்க.