45 எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூரில் நாற்பது வருடம் டிரான்ஸ்பார்மர் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். தொழில் கற்றுக்கொடுத்தவர் தம் கணக்கு நோட்டை யாருக்கும் காட்டமாட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் கணக்குப் போடுவார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் எட்டிப் பார்த்து நான் திருடிய ஒரே எண் 45.

இரும்புக் கோரின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து, 45ஐ அதால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். பரப்பு 9 என்றால் 5 சுற்று. 230 வோல்ட் பிரைமரிக்கு 1,150. 12 வோல்ட் செகண்டரிக்கு 60. லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்குமே என்று இன்னும் 3. அந்த எண்ணை வைத்தே குடும்பத்தைக் கரையேற்றினேன். டிப்ளமா முடித்து வரும் பையன்களிடம், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சிரிப்பேன்.

கடையை மூடிய பிறகு, டிரான்ஸ்பார்மர் வடிவமைப்பை யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஒரு தமிழ்க் கையேடு போட நாலு பேர் சேர்ந்தோம். சுற்றுக் கணக்கு என் பங்கு. அரைப் பக்கத்தில் முடித்து அனுப்பினேன். குழுவில் இருந்த பொறியியல் மாணவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, இந்த 45 எங்கிருந்து வந்தது?"

கோபம்தான் முதலில் வந்தது. 'அது அப்படித்தான்' என்று எழுதினேன். என் வாத்தியாரின் முதுகு ஞாபகம் வந்தது, அழித்துவிட்டேன்.

அவளே பிரித்துக் காட்டினாள். 4.44 என்ற மாறிலி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், இரும்பில் 1 டெஸ்லா காந்த அடர்த்தி. மூன்றையும் பெருக்கி, சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்கும் 10,000ஐ அதால் வகுத்தால் 45. சவூதியில் வேலை பார்த்து வந்த தம்பி, "அங்கே 60 ஹெர்ட்ஸ், அண்ணே. 37.5தான் வரும்" என்றார். 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டியதை இங்கே மாட்டினால் காந்த அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால்தான் உறுமுகிறது, கொதிக்கிறது. 'வெளிநாட்டுச் சரக்கே மட்டம்' என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இன்னொரு வைண்டர், கோரின் ஸ்டாம்பிங் தகடு அடுக்கை அளந்தால் இரும்போடு இடுக்கும் பூச்சும் சேர்ந்தே வரும், அதைக் கழிக்க வேண்டும் என்று சேர்த்தார். என் அரைப் பக்கம் ஆறு பக்கமானது.

1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் மூடிய கோர் டிரான்ஸ்பார்மரை உருவாக்கியதும் ஒருவரல்ல, மூன்று பேர்: சிப்பர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி. கோரை மூடலாம் என்ற யோசனை அவர்களில் இளையவரான பிளாத்தியுடையது. வயது இருபத்தைந்துகூட நிரம்பியிருக்காது. மூத்த இருவரும் காது கொடுத்தார்கள்.

கொடுத்தால் குறைந்துவிடும் என்று என் வாத்தியார் பயந்தார். பொத்தி வைத்தால்தான் குறைகிறது. காரணம் உதிர்ந்துபோய், எண் மட்டும் கைமாறுகிறது. கறிக்கு ஆகும் சுரைக்காய் என்று அத்தனையும் சமைத்துவிட்டு, ஒன்றையாவது விதைக்கு முற்ற விடாதவனுக்கு அடுத்த வருடம் கொடி ஏது?

போன வாரம் அறிமுகமில்லாத பையன் ஒருவன் போன் செய்தான். "ஐயா, உங்க கையேட்டில் ஒரு தப்பு இருக்கு."

"சொல்லு தம்பி" என்று நோட்டைத் திறந்தேன்.