தேயிலை நிலத்தின் பறை

நிலத்தை அதன் ஒலியால் அறியலாம் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் நிலங்களுக்குரிய கருப்பொருள்களை வகுத்தவிடத்துத் தெய்வம், உணவு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்தோர் அதனை விரித்துரைப்பர். கண்ணை மூடி நிற்பவனுக்கும் தான் நிற்கும் நிலம் எதுவெனக் காதே சொல்லிவிடும் என்பது இதன் உட்பொருள். ஆயின், காட்டை அழித்து முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட நமது மலையகத்துக்கு உரிய பறை எது? தொல்காப்பிய விரிவுரை ஒன்றைக் கேட்டுவிட்டு மார்ச் மாத விடுமுறைக்கு மஸ்கெலியா திரும்பிய கலைப்பீட மாணவி ஒருத்தியின் மனத்தில் இவ்வினா எழுந்தது.

அவளிடம் இருந்தவை மிகச் சில: பழைய கைத்தொலைபேசி ஒன்று, சட்டையிற் செருகும் சிறிய ஒலிவாங்கி ஒன்று, காற்றின் இரைச்சலைத் தடுக்க அதன்மேற் சுற்றிய பஞ்சுத்துண்டு ஒன்று, குறிப்பேடு ஒன்று. சுருக்காமற் பதிந்தால் ஒரு நிமிட ஒலி ஏறத்தாழ 5 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஆகவே, எதைப் பதிவது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தன் குரலிற் சொல்லிவிடுவதை அவள் வழக்கமாக்கிக் கொண்டாள்.

இம்முயற்சி உலகில் முதன்முதலாக நிகழ்வதன்று. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் மரே ஷேபர் தலைமையிற் கூடிய குழுவினர், 1973 இல் வன்கூவர் நகரின் கப்பற் சங்கையும் ஆலயமணியையும் தெருவோசையையும் பதிந்து வெளியிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப், செவிமடுப்பதையே நோக்கமாகக் கொண்டு நடப்பதனை 1974 இல் ஒரு பயிற்சியாக எழுதிவைத்தார். நமது தீவிலோ அதற்கும் வெகுகாலத்துக்கு முன்னரே, செலிக்மன் தம்பதியர் வேடுவர் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்து, 1911 இல் வெளிவந்த தமது நூலில் அவற்றுக்கு இடமளித்தனர். எனினும், பதிபவர் வெளியிலிருந்து வருவதும், பதியப்படுவோர் பேசாதிருப்பதும் இவற்றுட் பலவற்றுக்குப் பொதுவான இயல்பு. மாணவியோ தான் பிறந்த லயத்தின் இஸ்தோப்பிலிருந்து புறப்பட்டாள். அதனாற் பணி எளிதாகும் என்று அவள் நம்பினாள். அந்நம்பிக்கை மாலைவரை நிலைக்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணி. பத்துக் காம்பறாக்களுக்கு ஒரே கூரை. ஒரு வீட்டு இருமல் ஐந்தாம் வீட்டிற் கேட்கும். விறகு வெடிக்கும் ஓசை, ரொட்டிக்கு மாப்பிசையும் தட்டின் ஓசை, பீலித் தண்ணீர் வாளியில் விழும் ஓசை என ஒவ்வொன்றாக எழுந்தன. வாளி நிறைய நிறையத் தண்ணீரின் சுருதி ஏறுவதை இருபத்திரண்டு வருடங்களில் அன்றுதான் அவள் முதன்முதலாகக் கவனித்தாள். ஆறரை மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அச்சங்கை அவள் பதிந்தாள். எனினும் மனம் நிறையவில்லை. ஏனெனில், ஒரு காலத்தில் ஆட்களைப் பெரட்டுக்கு அழைத்தது சங்கன்று, தப்பு. 1954 இல் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையும் வைகறையில் அதிரும் பறையோசையோடுதான் தொடங்குகின்றது. தன் வினாவுக்குரிய விடை அதுவே என்று அவள் ஏறக்குறைய முடிவுசெய்திருந்தாள்.

அதன்பின் தாயோடு மலைக்கு ஏறினாள். தாயின் சம்மதத்துடன் கூடையின் விளிம்பில் ஒலிவாங்கியைச் செருகி நான்கு நிமிடம் பதிந்தாள். ஒன்பதரை மணியளவில் கொழுந்து மடுவத்துக்கு நிறுவைக்காகப் பெண்கள் இறங்கினர். கூடைகள் தரையில் இறங்கும் ஓசை, தராசுக் கொளுவியின் கிரீச்சிடல், எடையைக் கூவும் குரல் ஆகிய யாவும் அவளது கருவியில் ஏறிக்கொண்டிருந்தன. தராசு காட்டிய எடைக்கும் ஏட்டில் ஏறிய எடைக்கும் இடையில் இரண்டு கிலோ குறைந்திருப்பதைப் பெண்ணொருத்தி உரக்கக் கேட்டாள். "தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிறதுதானே, புதுசா கேக்கிறீங்க?" என்று பதில் வந்தது. அவ்வேளையிற்றான் உத்தியோகத்தரின் கண் கைத்தொலைபேசியின்மேல் விழுந்தது.

"இதெல்லாம் ரெக்கோட் பண்ண ஏலாது. அழிச்சிருங்க தங்கச்சி."

அவள் வாதாட வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற சித்தி அவளுடைய முழங்கையைப் பற்றினாள். "அழிச்சிரு புள்ள. நீ நாளைக்குக் கெம்பஸ் போயிருவ. ஒங்கம்மாவுக்கு அரைப் பேர் போட்டா யாரு கேக்கிறது?"

அரைப் பேர் என்பது அரைநாட் கூலி. மாணவி தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயோ தலைக்கயிற்றைச் சரிசெய்யும் பாவனையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு எல்லோர் முன்னிலையிலும் அழிக்கப்பட்டது. மடுவத்தை விட்டு நீங்கியபின், தராசிலும் ஏட்டிலும் தான் கண்ட எண்களை நேரத்தோடு அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பென்சிலை எவரும் அஞ்சவில்லை என்பது அவளுக்குச் சிறு ஆறுதல். ஆயினும் கேள்வி கேட்ட பெண்ணின் குரலை எந்த ஏடும் ஏற்காது என்பதையும் அவள் உணர்ந்தாள்.

பிற்பகலில் நகருக்கு நடந்தாள். "ஹட்டன், ஹட்டன்" என்று பஸ் நடத்துநர் கூவும் குரல், சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரின் சிங்களக் கோஷம், கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு, 1810 இல் பீதோவன் இயற்றிய மெட்டை ஓயாது இசைத்தபடி பாண் விற்கும் முச்சக்கரவண்டி ஆகிய யாவும் ஒரே கடைவீதியிற் கலந்தன. ஆனால் இந்நகர் பழைய மஸ்கெலியா அன்று. பழைய நகர் 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துபோயிற்று. கோடையில் நீர் வற்றும்போது சைவக் கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைநீட்டுவதுண்டு. அவ்வாண்டும் நீர் இறங்கியிருந்தது. வெடித்த சேற்றின்மேல் நடக்கும் தன் காலடியோசையையும், தூரத்து நாய்க்குரைப்பையும், இடிந்த சுவரில் உராயும் காற்றையும் அவள் பதிந்தாள். கல் மீண்டும் வெளிப்படுகின்றது. ஓசை அவ்வாறு வெளிப்படுவதில்லை. அந்நகர் அமிழ்ந்தபோது பன்னிரண்டு வயதினளாயிருந்த அம்மாயியிடம், பழைய கடைவீதியில் என்ன கேட்கும் என்று அவள் முன்பொருநாள் வினவியிருந்தாள். நெடுநேரம் யோசித்த அம்மாயி, "எல்லாம் சத்தந்தான் புள்ள. இப்ப என்னன்னு சொல்ல?" என்று கைவிரித்துவிட்டாள்.

அந்த விடையே அவளை அன்று மாலை பணிய லயத்துத் தாத்தாவிடம் விரைந்து செல்லவைத்தது. பெரட்டுத் தப்பு அடித்த தகப்பனுக்கு மகனாய்ப் பிறந்து, தாமும் இளமையில் அதனை அடித்தவர் அவர். இவரும் போய்விட்டால் அந்த அடி எவருக்கும் தெரியாது. தப்பு சுவரில் தொங்கியது. அவள் பணிவோடு கேட்டாள். அவர் உடனடியாகப் பதிலிறுக்கவில்லை.

"எதுக்கு ஆத்தா அது? பனியில, காச்சல்ல, வெள்ளன எழும்ப முடியாம கெடந்தவங்கள எல்லாம் எழுப்பின சத்தம். அந்த அடியக் கேட்டு எங்கம்மா அழுதுகிட்டே எந்திரிச்சிருக்கா. எங்கள அடிக்க வச்சதும் ஆசைக்கில்ல. இன்ன சாதிக்காரன் அடிக்கணும்னு வச்சாங்க, அடிச்சோம். எம் பேரன் இதத் தொடமாட்டேங்கிறான். அவன் செய்றது சரிதான்."

மாணவிக்கு நாணம் மேலிட்டது. காலையில் ஒருவர் அழிக்கச் சொன்னார். மாலையில் ஒருவர் பதியாதே என்கிறார். இரண்டும் மறுப்புகளே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மறுப்பு பிறருடைய இழப்பை மறைப்பதற்காகச் சொல்லப்பட்டது. இரண்டாவது, தன் இழப்பைப் பிறர் பொருளாக்காதிருக்கச் சொல்லப்பட்டது. ஒலிப்பதிவில் ஈடுபடுவோர் கருவியைக் கையாளப் பழகுமுன் இவ்வேறுபாட்டைப் பழகிக்கொள்ள வேண்டும் போலும். அவள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அவள் எழுந்தபோது தாத்தா மீண்டும் பேசினார். "காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்டியாச்சு. ராவைக்கு வா. அங்க அடிப்பேன். அது சாமிக்கு அடிக்கிறது, நமக்கு அடிக்கிறது. அத எவ்வளவு வேணுமானாலும் புடிச்சிக்க."

அதே தோல், அதே குச்சி, அதே கை. எவர் பொருட்டு அடிக்கப்படுகின்றது என்பதில் மட்டுமே வேறுபாடு. ஒரு நிலத்துக்கு ஒரு பறை என்று வகுப்பது இலக்கணத்தில் எளிது. ஒரே பறைக்குள் அடிமைத்தனத்தின் ஓசையும் விடுதலையின் ஓசையும் குடியிருக்கக்கூடும் என்பதை அவளுக்கு எந்த உரையாசிரியரும் சொல்லியிருக்கவில்லை.

இரவு, கூத்துக்குப் புறப்படுமுன், தாயின் காதில் ஒலிவாங்கியின் துணையான காதணியைச் செருகி, காலையிற் பதிந்த நான்கு நிமிடத்தைக் கேட்கவைத்தாள். இரு கைகளும் மாறிமாறிக் கொழுந்தைக் கிள்ளும் சிற்றொலி, படங்கு செடியில் உராயும் சரசரப்பு, கைநிறைந்த கொழுந்து தோளுக்கு மேலாகக் கூடையில் விழும் மெத்தென்ற ஓசை, இடையிடையே அடக்கிய இருமல்.

"இது யாரு கை?"

"ஒங்க கைதாம்மா."

தாய் தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். "இவ்வளவு வெரசாவா கிள்றேன்?" என்றாள். பின்னர் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் முடிந்ததும், இன்னொருமுறை போடும்படி கையாற் குறிகாட்டினாள்.

வெளியே, பணிய லயத்துப் பக்கமிருந்து தப்பின் முதலடி எழுந்தது. தாய் காதணியைக் கழற்றிவிட்டு, சால்வையைப் போர்த்துக்கொண்டு, மகளுக்கு முன்னதாகவே படியிறங்கினாள்.