தேங்காய் எண்ணெய்க்குச் சராசரி இல்லை

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதற்கு முன் அவ்வளவு தாழ்ந்த எண் வந்ததில்லை. அதே மாதம் கேரளத்தின் எண் 8.56. அதற்கு முந்தைய செப்டம்பரிலும் இதே நிலைதான்: நாட்டுக்கு 1.54, கேரளத்துக்கு 9.05. நாட்டு எண்ணும் கேரள எண்ணும் ஒரே துறையின் ஒரே அறிக்கையில் வந்தவை. தலைப்புச் செய்தியானது என்னவோ முதல் எண்தான். பணவீக்கம் குறைந்தது என்று வாசிப்பவர் விலை இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார். ஏறுகிற வேகம்தான் தணிந்திருக்கிறது, அதுவும் வேறு ஊர்களில். திருவனந்தபுரத்துத் தம்பானூர்க்காரருக்கு அந்த எண் பொருந்தவில்லை என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அவருடைய அகவிலைப்படியையும் வைப்புத்தொகையின் வட்டியையும் நாடு தழுவிய சராசரிகள்தான் தீர்மானிக்கின்றன. வாழ்க்கைச் செலவை அந்தந்த ஊர் அடுப்படியை வைத்து அளக்க வேண்டும், உதவியும் அந்த அளவுப்படியே வந்து சேர வேண்டும் என்பது என் கட்சி. அதற்குத் தேங்காய் எண்ணெயைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. வெளியூர் போகிறவர்கள் கையில் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் வறுவல் இருக்கும். காயைச் சீவும்போதே வில்லைகள் நேராக வாணலிக்குள் விழும். பாதி வெந்ததும் உப்புநீரைத் தெளிப்பார்கள், எண்ணெய் சீறி அடங்கும். அந்த வாணலியில் இருப்பது தேங்காய் எண்ணெய்தான் என்பதற்காகவே வாங்குகிறவர்கள் பலர். நடந்து போகிற தூரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. ஆ. மாதவன் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெரு அது. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் பேரம் பேசுகிற தெரு. 2024 தொடக்கத்தில் அங்கே லிட்டர் இருநூறு ரூபாய்க்குள் கிடைத்த எண்ணெய், 2025 ஆடி, ஆவணியில் ஐந்நூறை நெருங்கியது, சில கம்பெனிப் பாக்கெட்டுகளில் தாண்டியும் போனது. மாதம் இரண்டு லிட்டர் வாங்குகிற வீட்டுக்கு இது ஒன்றே அறுநூறு ரூபாய் கூடுதல் செலவு. ஓணத்துக்கு முன்னால் கேரள அரசின் சப்ளைகோ தன் சபரி எண்ணெயை மானியத்தில் லிட்டர் 349 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டியிருந்தது. விலை ஏறியதும் கலப்படமும் ஏறியது. உணவுப் பாதுகாப்புத் துறை மாநிலம் முழுக்கச் சோதனை போட்டுக் கலப்பட எண்ணெயைப் பிடித்தது.

காரணங்கள் தம்பானூருக்கு வெகுதொலைவில் இருந்தன. கேரளத்துக்கு வேண்டிய கொப்பரையிலும் எண்ணெயிலும் பெரும்பங்கு காங்கேயம் பக்கத்திலிருந்து வருகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் 2016-ல் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும், வேர்வாடல் நோயும், கடும் வெயிலும் காய்ப்பைக் குறைத்தன. இளநீராகவே இறங்கிவிடும் காய் கொப்பரைக்கு வருவதில்லை. பிலிப்பைன்ஸில் 2024 அக்டோபர் முதல் டீசலில் மூன்று சதவீதம் தேங்காய் எண்ணெய் எரிபொருளைக் கலப்பது கட்டாயமானது; உலகச் சந்தையிலும் இருப்பு இறுகியது. இவற்றில் எதையும் தம்பானூரின் குடும்பத்தலைவி மாற்றிவிட முடியாது. அவர் கையில் இருப்பது கரண்டி ஒன்றுதான்.

இங்கே முதல் மறுப்பு எழும். பாமாயில் இருக்கிறது, சூரியகாந்தி இருக்கிறது, மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? பப்படம் பொரிக்க மாற்றிக்கொள்ளலாம், பல வீடுகள் மாற்றியும் விட்டன. ஆனால் அவியல் வெந்து தயிர் சேர்ந்து இறக்கிய பிறகு, கறிவேப்பிலையை உருவிப் போட்டு மேலே பச்சையாக ஊற்றுகிறார்களே ஒரு கரண்டி, அது வேகவைப்பதற்கான எண்ணெய் அல்ல. அந்த எண்ணெய்தான் பதார்த்தம். ஓலனும் அப்படித்தான், அதையும் கடைசியில் ஊற்றும் எண்ணெய்தான் முடித்துவைக்கிறது. சுத்திகரித்த எண்ணெயை ஊற்றினால் கிடைப்பது வேறு ஒரு காய்கறிக் கூட்டு. மாற்று என்று சொல்லப்பட்டதும் மலிவாக இல்லை: 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் ஆனது, அதை 10 ஆகக் குறைக்க 2025 மே இறுதி வரை ஆயிற்று. தேங்காய் எண்ணெய் சாப்பாட்டுப் பொருளா என்பதையே இந்த நாடு நெடுங்காலம் ஒப்புக்கொள்ளத் தயங்கியது. சிறு பாக்கெட்டில் வந்தால் அது தலைக்குத் தடவும் எண்ணெய், கூடுதல் வரி கட்டு என்று வரித்துறை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியது. 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதைச் சமையல் எண்ணெய் என்று தீர்த்துவைத்தது. தெற்கில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி அது. அளக்கிறவர் கண்ணுக்கு ஒரு பகுதியின் சமையல் தென்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வழக்கு ஒன்றே போதும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. விலை ஏறினால் தென்னை விவசாயிக்கு நல்லதுதானே? நல்லதுதான். 2025-க்கு அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தது. பல ஆண்டு நஷ்டத்துக்குப் பிறகு வந்த அந்தப் பணத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காய்ப்பு குறைந்ததால்தான் விலை ஏறியது. விற்க நிறையக் காய் இருந்தவருக்கே முழு லாபம். தம்பானூரில் வாடகை வீட்டில் இருப்பவருக்கோ, விடுதியில் மேசை துடைப்பவருக்கோ தென்னை மரம் கிடையாது. அவருக்கு உதவுவது விவசாயியின் விலையைக் குறைப்பதாக ஆகாது. நடுவில் அரசு மானியம் நிற்பதற்குக் காரணமே இதுதான்.

கேரளத்தின் 9 சதவீதத்தில் தங்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. அந்த ஆண்டு பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டது, கேரளம் நகை வாங்குகிற மாநிலம். தங்கத்தைத் தள்ளிவைக்கலாம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைத் தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டால் வாதம் லேசாகிவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் அதுவும் தள்ளிவைக்கக்கூடிய செலவு அல்ல. ஆகவே எண்ணெயையும் தங்கத்தையும் சேர்த்தே எண்ணுவோம். அந்த வீட்டின் செலவு ஏறியது உண்மை; அந்த ஏற்றம் தேசியக் கணக்கில் கரைந்துபோனதும் உண்மை.

கரைந்ததன் விளைவு நடைமுறையில் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். தைக்காட்டில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்ட அலுவலகம் இருக்கிறது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அந்தக் கோட்டத்தில்தான். ஊழியர்களிலும் ஓய்வூதியர்களிலும் தமிழர் ஏராளம். 88 மையங்களின் விலைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே தொழிலாளர் குறியீட்டு எண்ணை வைத்து, 2025 ஜூலைக்கு அவர்களுடைய அகவிலைப்படி 3 புள்ளி உயர்ந்து 58 சதவீதமானது. போபாலில் இருப்பவருக்கும் அதே 3. அதே ஆண்டு, பணவீக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 5.25-க்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கடன் வாங்கியவருக்கு அது ஆறுதல். வைப்புத்தொகை வட்டியை நம்பிச் சாப்பிடும் முதியவருக்கு வரவு சுருங்கியது, அவர் ஊரிலோ செலவு ஒன்பது சதவீதம் விரிந்திருந்தது. கேரள அரசு ஊழியருக்கு அகவிலைப்படித் தவணைகளே நிலுவையில் நின்றன. தனியார் கடையில் வேலை செய்பவருக்கு எந்தப் படியும் இல்லை.

ஒரு நாட்டுக்கு ஒரு வட்டி விகிதம்தான் இருக்க முடியும் என்பார்கள். சரி, வட்டியை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுத்தச் சொல்லவில்லை. அகவிலைப்படிக்கும் அதே வாதம் பொருந்தாது. வீட்டு வாடகைப்படி இன்றும் நகரத்தின் வகைக்கு ஏற்ப வேறுபடுகிறது. அதனால் எந்த அலுவலகமும் நிலைகுலைந்துவிடவில்லை. மாநில விலைக் குறியீடு மாதந்தோறும் வெளியாகிறது. 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையும் வந்துவிட்டது. மாநில எண் நாட்டு எண்ணைவிட ஆறு மாதம் தொடர்ந்து நான்கு புள்ளிக்கு மேல் விலகி நின்றால், அந்த மாநிலத்து ஓய்வூதியருக்குத் தற்காலிகமாக ஒரு கூடுதல் படி கொடுப்பதில் கணக்குச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. படி எதுவும் இல்லாதவருக்குச் சப்ளைகோவின் மாவேலி ஸ்டோர்தான் வழி. அதற்கான எண்ணெயை ஓணம் நெருங்கி விலை உச்சியில் நிற்கும்போது தேடாமல், கோடையில் காய் நிறைய வரும் மாதங்களிலேயே காங்கேயம் ஆலைகளோடு சப்ளைகோ ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மலையாள மாதங்களான சிங்கமும் விருச்சிகமும் எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மாதங்களில் தம்பானூருக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதும் சாலைத் தெரு வியாபாரிகளுக்கு மனப்பாடம்.