கான்டெஸாவின் கிரவுன்

எங்க வீட்டு கான்டெஸாவுக்கு இரும்புலியூர்ல கிரவுன் ஆயில் மாத்தினோம். (டிஃபரென்ஷியலுக்கு மெக்கானிக்குங்க வச்ச பேரு கிரவுன்.) இசுசூ 1.8 இன்ஜினைப் பத்திப் பேசாத ஆள் இல்ல. அந்த வேகத்தைப் பின்சக்கரத்துக்குத் திருப்பிவிடற இந்த இரும்பு உருண்டையை யாரும் கண்டுக்கறதில்ல, பாவம்.

அண்ணன் முதல்ல ஆயில் ஊத்துற பிளக்கைத்தான் கழட்டினார். பழசை வடிச்சப்புறம் அது கழல மாட்டேன்னா வண்டி அங்கேயே படுத்துடும்! வடிஞ்சதை விரல்ல தேய்ச்சுப் பார்த்தார். மாவு மாதிரி தூள்னா வெறும் தேய்மானம். சில்லு வந்தா பல் உடைஞ்சிருக்கு. நல்லவேளை, தூள்தான். கான்டெஸா தயாரிப்பு 2002லயே நின்னுபோச்சே, கிரவுன்-பினியன் போயிருந்தா புதுப்பேட்டை முழுக்க அலையணும்.

ஜி.எல்.5 தரத்துல 90 ஆயில் ஊத்தினோம். இங்க பல்லோட பல் வழுக்கி உரசும். சாதா ஆயில் தாங்காது.

அறுபதுல கேட்ட ஊளைச் சத்தம் குறைஞ்சிருக்கு. முழுசா போகல.