மகரகண்டியும் தறிக்குழியும்

"கிளைவே கைகூப்பிய கடவுள்!"

இந்த வாசகத்தைச் சுமந்த படமொன்றை, சென்ற வைகாசித் திருவிழாவின்போது, நம் தெருப் பிள்ளை ஒருவன் தன் கைபேசியில் நமக்குக் காட்டினான். படித்த பிள்ளை, படிப்பகத்துக்குத் தவறாமல் வரும் பிள்ளை, பகுத்தறிவு பேசுகிற பிள்ளை. "பார்த்தீர்களா ஐயா, உலகை ஆண்ட வெள்ளைக்காரனையே நம் ஊர் வணங்க வைத்திருக்கிறது!" என்றான். கடவுளை அவன் நம்பவில்லை. ஆனால் அந்தப் பெருமையை நம்பினான். முகத்திலே அப்படியொரு மலர்ச்சி! அந்த மலர்ச்சியைக் கண்ட பின்னர் நமக்கு இரண்டு நாள் உறக்கம் சரியாக வரவில்லை. அதனால் இதை எழுதுகிறோம்.

சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலின் நகைகளுள் 'கிளைவ் மகரகண்டி' என்ற கழுத்தணி ஒன்று உண்டு. தந்தவன் இராபர்ட் கிளைவ் என்பது வழக்கு. ஏன் தந்தான்? நோயுற்றுக் கிடந்தானாம், கோயில் தீர்த்தம் குடித்துப் பிழைத்தானாம் என்பார் ஒருவர். கருடசேவையைக் கண்டு மெய்ம்மறந்தானாம் என்பார் மற்றொருவர். கதைக்குக் கால் எத்தனை வேண்டுமானாலும் முளைக்கும். நகைக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நாம் இதை முதன்முதலில் கேட்டது பாட்டியின் வாயால். பிள்ளையார்பாளையத்தில் நம் வீடு. வீட்டில் பாதி தறிக்கு, மீதிதான் மனிதருக்கு. தாத்தா குழியில் கால் விட்டு உட்கார்ந்து உடலை நெய்வார். கோர்வைக் கரைக்கு நாடாவைத் தள்ள, பக்கத்திலே இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நம் கை. பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை கரை நாடா; மாலை திரும்பியதும் மீண்டும் கரை நாடா. கால் மரத்துப் போகும், எழுந்தால் விழுவோம். கருடசேவை நாளன்று மட்டும் தறி நிற்கும். விடியுமுன் பாட்டி நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். "அதோ பாரடா, கழுத்திலே மின்னுதே, துரை கொடுத்தது!" என்பாள். நமக்குத் தெரிந்ததெல்லாம் தீவட்டி வெளிச்சமும் முன்னே நின்றவர்களின் முதுகும்தான். ஆயினும் 'துரை கொடுத்தது' என்ற சொல் நெஞ்சிலே பதிந்தது. துரைகள் கொடுப்பவர்கள், நாம் வாங்குபவர்கள். பத்து வயதில் படித்த முதல் அரசியல் பாடம் அது!

கொடுத்தான் கிளைவ். சரி. எதிலிருந்து கொடுத்தான்?

1751-ஆம் ஆண்டு ஆற்காட்டைப் பிடித்த கையோடு, பிரெஞ்சுக்காரரின் ஆட்கள் காவல் வைத்திருந்த காஞ்சிக் கோயிலொன்றைப் பீரங்கி கொண்டு தாக்கிக் கைப்பற்றியவன் அவன். நம் ஊர்க் கோயில்கள் அன்று வழிபடும் இடங்கள் மட்டுமல்ல. மதில் உயர்ந்த கோட்டைகள். நவாபு நாற்காலி யாருக்கு என்ற சண்டையில், இரண்டு ஐரோப்பியக் கும்பினிகள் அந்த மதில்களுக்குள் மாறி மாறிப் புகுந்தன. 1757-இல் பிரெஞ்சுப் படை ஊருக்கே தீயிட்டது. அதே ஆண்டு சூன் திங்களில் பிளாசியில் கிளைவ் வென்றான். வங்காளத்துக் கருவூலத்திலிருந்து அவன் சொந்தப் பைக்குப் போனது 2,34,000 பவுன் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. பின்னர் நாடாளுமன்றம் விசாரித்தபோது, அத்தனை செல்வம் கண்முன் கிடந்தும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்ட தன் அடக்கத்தை எண்ணித் தானே வியப்பதாகச் சொன்னவன் அவன்! 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அந்த வங்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டனர் என்று கும்பினிக்காரரே எழுதி வைத்தார்கள்.

வேல்சு நாட்டிலே பொவிசுக் கோட்டை என்று ஒன்று இருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்டு, 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னராக இருந்தவன், மணவழியில் பெற்ற தொடர்பு அது. தந்தையும் மகனும் இங்கிருந்து கொண்டுபோனவை அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளன. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் எடுத்துச் சென்ற திப்புவின் கூடாரமும் அதில் அடக்கம். அங்கே ஒரு மாளிகை நிறைய. இங்கே ஒரு கழுத்தணி. இந்தக் கழுத்தணியைக் காட்டித்தான் நம் பிள்ளை மார் நிமிர்த்துகிறான்!

நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? இருபது வயதில், படிப்பகக் கூட்டமொன்றில் நாம் பேசினோம். மகரகண்டிக் கதையை எள்ளி நகையாடினோம், பாட்டியின் பக்தியைப் பழித்தோம், அதோடு நிறுத்தினோமா? "வெள்ளையன் வந்திராவிட்டால் நமக்கு ஏடேது, எழுத்தேது?" என்று முழங்கினோம். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. தாத்தா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரவு, சோறு உண்ணும்போது, இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நல்லாத்தான் பேசினே. எங்க பாட்டன் காலத்துல தறிக்குத் தறி வரி கட்டினாங்களாம். அந்தக் காசு எந்த ஊருக்குப் போச்சுன்னு நீ சொல்லலியே?"

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ளும் துணிவும் அன்று இல்லை. நூலகத்துக்குப் போனோம். 'மொதர்பா' என்று அந்த வரிக்குப் பெயர். தறிக்கு வரி, செக்குக்கு வரி, கொல்லன் தச்சன் கருவிக்கு வரி. சென்னை மாகாணத்தில் 1861-ஆம் ஆண்டில்தான் அது ஒழிந்தது. அதுவரை மான்செஸ்டர் துணி கப்பலில் வந்து குவிந்துகொண்டே இருக்க, இங்கே துணி நெய்தவன் தறி வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டம் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் முன்னே, கும்பினி நெசவாளனுக்கு 'முன்பணம்' கொடுத்துத் துணி வாங்கியது. வாங்கிய முன்பணம் தீரும்வரை அவன் வேறெவர்க்கும் நெய்ய இயலாது. முன்பணம்! அந்தச் சொல்லைப் படித்தபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தாத்தா தம் முதலாளியிடம் வாங்கி, சாகும்வரை தீர்க்காமல் போனதும் அதே சொல்தான்.

எழுத்து வந்த கதையையும் பார்த்தோம். நூற்றாண்டுகளாய் மறுக்கப்பட்ட சிலருக்குப் பள்ளிக் கதவு திறந்தது என்பது உண்மை; அதை மறைக்க மாட்டோம். ஆனால் வெள்ளையன் வெளியேறிய பின் எடுத்த 1951-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். இதற்குத்தானா நாம் அன்று மேடையில் நன்றி நவின்றோம்!

இனி, லயனல் பிளேஸ் துரைக்கு வருவோம். 1763-இல் நவாபு கும்பினிக்கு எழுதிக் கொடுத்த செங்கற்பட்டுச் சாகிரில் காஞ்சியும் சேர்ந்தது. அதன் கலெக்டராக 1794 முதல் 1798 வரை இருந்தவர் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையில், மழையிரவில், இராமனும் இலக்குவனும் வில்லேந்தி நின்று கரையைக் காத்ததைக் கண்ணால் கண்டார் என்று சொல்லப்படுபவர் இவரே. 'ஏரி காத்த இராமர்' கோயிலில் கல்லிலும் இவர் பெயர் உண்டு. காஞ்சிக் கோயிலுக்கும் நகை தந்தார். திருவிழாவைத் தாமே முன்னின்று நடத்தினார். மதுரையில் பீட்டர் துரை மீனாட்சிக்குப் பொன் அங்கவடி தந்தது போல.

ஏரி உடையாமல் நின்றதற்கு வில் காரணம் என்கிறது கதை. பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைப்புக் காட்டியவர் என்பதும், அவருக்கு அதில் என்ன அக்கறை என்றால் நீரில்லாத வயலில் நிலவரி விளையாது என்பதும் கதையில் இல்லை. கூடையில் மண் சுமந்து கரையை உயர்த்தியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தேர் ஓடியது எப்படி? கிராமம் கிராமமாக ஆள் பிடித்து வந்து வடத்தை இழுக்க வைத்தது கும்பினி அரசு. கிறித்துவ அரசாங்கம் இதைச் செய்யலாமா என்று பாதிரிகள் கூச்சலிட்டனர். சென்னைப் படைத் தலைவர் மெய்ட்லண்ட் 1838-இல் இதன் பொருட்டே பதவி துறந்தார். அவர்கள் கவலை தங்கள் மதத்தின் தூய்மை பற்றியது. வடம் பிடித்தவனின் உள்ளங்கைத் தோலைப் பற்றி இரு தரப்பாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதி கோயில்களை வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது. பின்னர் பாதிரிகளின் நெருக்குதலால், 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையைக் கழுவியது. கழுவிய கை எவரிடம் கொடுத்தது? ஊரில் ஏற்கெனவே பிடி உள்ளவர்களிடம். நீதிக்கட்சி ஆட்சியில் உருவாகி 1927-இல் செயலுக்கு வந்த அறநிலையச் சட்டம் வரையில், கணக்குக் கேட்க ஆளில்லை. இடையே வடகலையாரும் தென்கலையாரும் யார் முன்னே நின்று பாடுவது என்று நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினர். நூற்றாண்டு கடந்தும் அந்த வழக்கு முற்றாக ஓயவில்லை. யானைக்கு எந்த நாமம் என்பது இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று என்று ஊரிலே ஒரு கதை உண்டு. கதையோ, மெய்யோ, 'உங்கள் சண்டையை எங்களிடம் கொண்டுவாருங்கள்' என்பதுதானே ஏகாதிபத்தியத்தின் அழைப்பு மணி!

மதத்தை வெறுத்து வந்தவன் அல்லன் ஏகாதிபத்தியவாதி. வந்த இடத்துத் தெய்வம் எதுவோ அதற்கு முதல் மாலை போடுவான். பிளேஸ் பதவி விட்ட அதே 1798-இல்தான் நெப்போலியன் எகிப்தில் இறங்கி, தான் குர்ஆனை மதிப்பவன் என்று அறிக்கை ஒட்டினான். நூறாண்டு கழித்து, 1898-இல், செருமானியக் கெய்சர் திமிஷ்கு நகரில் சலாவுதீன் கல்லறைக்கு வணக்கம் செலுத்தி, உலக முசுலிம்களின் நண்பன் என்று பேசினான். 1857-க்குப் பின் விக்டோரியா பேரரசி இந்தியருடைய சமயத்தில் தலையிடோம் என்று 1858-இல் உறுதி கூறினார். அவ்வுறுதி கேட்டு மடங்கள் மகிழ்ந்தன. கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவன் அதில் மகிழ என்ன இருந்தது? அவனுக்கு மாகாணம் முழுதும் சட்டப்படி வாயில் திறந்தது 1947-இல்.

இவ்வளவும் கேட்டபின் நம் தெருப் பிள்ளை சொன்னான்: "அப்படியானால் அந்நியன்தான் கொடியவன், நம் அரசர்கள் நல்லவர்கள்."

அங்கேதான் அவனைக் கையைப் பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டான், அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பித் தந்தான் என்பது செய்தி. அதற்கு முன்னே 642-இல் நம் பல்லவன் வாதாபியைக் கொளுத்தினான். அதற்கு எதிரடியாகச் சாளுக்கியர் வந்தனர். வென்றவன் வந்து கடவுளுக்குப் பொன் தருவதும், அதைக் கல்லில் பொறிப்பதும், கிளைவ் கண்டுபிடித்த வித்தை அன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊரில் ஒத்திகை நடந்துவிட்டது.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. சாளுக்கியன் கொள்ளையிட்டால் அது வாதாபியோடு நின்றது. கும்பினி கொண்டுபோனது பங்குதாரர்களின் இலாபமாயிற்று. இங்குள்ள தொழிலின் வேரையே அறுத்தது. போன பின்னும் முன்பணமாய் நின்றது. அளவு வேறு, முறை வேறு. கடவுள் கழுத்தில் ஏறிய பொன் யாருடைய முதுகிலிருந்து வந்தது என்ற கேள்வியை மறக்கடிக்கும் வேலை மட்டும் இரண்டிலும் ஒன்று.

பிள்ளை அந்தத் தூணை நெடுநேரம் பார்த்தான். "தூணில் எழுதியிருப்பதிலே நெசவாளி யாராவது உண்டா ஐயா?" என்று கேட்டான். இல்லை என்றோம். திரும்பும் வழியில் நம் பழைய வீட்டுக்கு வந்தான். தாத்தா கால் விட்டு அமர்ந்த தறிக்குழியைப் பார்க்கவேண்டும் என்றான். குழியைத் தூர்த்துச் சிமெண்டு பூசி ஆண்டு பல ஆயின. அந்த இடத்தில் நம் தம்பி மகனின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, குழியின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று தரையில் சாக்கட்டியால் கோடிழுத்துக் காட்டினோம். பிள்ளை அதற்குள் உட்கார்ந்து, கரை நாடா தள்ளுகிறவன் எந்தப் பக்கம் இருப்பான் என்று கேட்டான்.